எச்61 போர்டில் ஐ5-3470 போடலாமா? சாக்கெட்டைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

2011, 2012-இல் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப்புகள் இன்றும் வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் பில்லிங் மேசைகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் பெரும்பாலும் உள்ளே இருப்பது இன்டெல் எச்61 சிப்செட் (ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) போட்ட மதர்போர்டு. அதன் மேல் பென்டியம் ஜி620 அல்லது ஐ3-2120. ஐ5-3470, ஐ7-3770 போன்ற பழைய ப்ராசஸர்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைப்பதால், போர்டை அப்படியே வைத்துக்கொண்டு ப்ராசஸரை மட்டும் மாற்றும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. நியாயமான ஆசைதான். ஆனால் "1155 சாக்கெட்டா? போடலாம் சார்" என்ற ஒரே பதிலை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். சாக்கெட்டில், அதாவது போர்டில் ப்ராசஸர் பொருந்தும் இடத்தில், உட்காருவது வேறு, ஓடுவது வேறு.

அதற்கு முன் ஒன்று. சிஸ்டத்தில் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் விண்டோஸைத் தாங்குகிறது என்றால், முதல் செலவு எஸ்எஸ்டிக்குத்தான் போக வேண்டும். எச்61 சிப்செட்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா வேகம் நொடிக்கு 3 கிகாபிட்தான். அதனால் எஸ்எஸ்டி தன் முழு வேகத்தைக் காட்டாது, ஏறக்குறைய 270 மெகாபைட்டில் நின்றுவிடும். அதுவே ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கிய பிறகும் டாஸ்க் மேனேஜரில் சிபியு 100 சதவீதத்திலேயே நிற்கிறதா? அப்போது ப்ராசஸரைப் பற்றி யோசிக்கலாம்.

எந்தப் போர்டு என்று தெரிந்துகொள்வது

விண்டோஸ் தேடல் பெட்டியில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடித் திறந்தால் பேஸ்போர்டு (மதர்போர்டு) உற்பத்தியாளர், மாடல், பயாஸ் (சிஸ்டத்தைத் துவக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பு, அதன் தேதி எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். அதை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெயின்போர்டு தாவலைப் பார்த்தாலும் போதும். அங்கே சிப்செட் என்ற இடத்தில் "சாண்டி பிரிட்ஜ்" என்று போட்டிருக்கும்; குழம்ப வேண்டாம், அது ப்ராசஸர் குடும்பத்தின் பெயர். நமக்கு வேண்டிய எச்61, பி75 போன்ற பெயர் அதற்குக் கீழே சவுத்பிரிட்ஜ் என்ற வரியில் இருக்கும்.

மாடல் பெயரோடு ரிவிஷன் எண்ணும் வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கிகாபைட் போர்டுகளில் ஓரமாக ஒரு மூலையில் "ரெவ் 1.0", "ரெவ் 2.0" என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மாடல் ஒன்றேயானாலும் ரிவிஷன் மாறினால் பயாஸ் கோப்பு வேறு, ஆதரிக்கும் ப்ராசஸர் பட்டியலும் வேறாக இருக்கலாம். டார்ச் அடித்துப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது போர்டு கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான சப்போர்ட் பக்கத்தில் சிபியு சப்போர்ட் லிஸ்ட்டைத் திறங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் ப்ராசஸர் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அதே வரியின் கடைசியில் எந்த பயாஸ் பதிப்பிலிருந்து அது ஓடும் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணையும், நீங்கள் மொபைலில் எடுத்த படத்தில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். உங்களுடையது பழையது என்றால், ப்ராசஸர் கைக்கு வருவதற்கு முன்பே பயாஸ் வேலை முடிந்திருக்க வேண்டும்.

பெயர் கேள்விப்படாத கம்பெனிகளின் புது எச்61 போர்டுகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றுக்குப் பெரும்பாலும் சப்போர்ட் பக்கமே இருக்காது. அப்படிப்பட்ட போர்டு என்றால் ப்ராசஸரைக் கடையிலேயே மாட்டி, டிஸ்ப்ளே வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குவது ஒன்றுதான் வழி.

சிப்செட் போடும் முட்டுக்கட்டை

எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் இரண்டு தலைமுறைகள் உண்டு. 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ், அதாவது இரண்டாம் தலைமுறை, 2000 வரிசை. 2012 ஏப்ரலில் வந்த ஐவி பிரிட்ஜ், மூன்றாம் தலைமுறை, 3000 வரிசை. முதல் தலைமுறை ஐ3-540, ஐ5-760 எல்லாம் 1156. நான்காம் தலைமுறை ஐ5-4460 போன்றவை 1150. ஓரத்துப் பள்ளங்கள் இடம் மாறி இருப்பதால் இவை 1155-இல் உட்காரவே உட்காராது. பெயர் "எம்" என்று முடியும் லேப்டாப் ப்ராசஸர்களுக்குச் சாக்கெட்டே வேறு. இவற்றில் தவறு நடக்க வாய்ப்பு குறைவு, ஏனென்றால் கையிலேயே தெரிந்துவிடும்.

உண்மையான சிக்கல் 3000 வரிசையில்தான். எச்61, எச்67, பி67 (P67), இசட்68 சிப்செட்டுகள் பயாஸ் அப்டேட் செய்தால் ஐவி பிரிட்ஜை ஏற்கும். பி65 (B65), க்யூ65, க்யூ67 சிப்செட்டுகளுக்கு இன்டெல் அந்த ஆதரவைத் தரவில்லை. "அதெல்லாம் யாரிடம் இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். அலுவலகங்களிலிருந்து கழித்துவிட்டு, செகண்ட் ஹேண்டில் குவியும் பிராண்டட் சிஸ்டங்களில் இருப்பது இவைதான். டெல் ஆப்டிப்ளெக்ஸ் 790, 990, எச்பி காம்பேக் 8200 எலைட் ஆகியவற்றில் ஐ7-3770 சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும். மின்விசிறி சுற்றும். டிஸ்ப்ளே வராது. அவற்றுக்கு ஐ7-2600தான் மேல் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருட மாடல்களான ஆப்டிப்ளெக்ஸ் 7010, எச்பி எலைட் 8300 இரண்டிலும் க்யூ77 சிப்செட். அவற்றில் இரண்டு தலைமுறையும் ஓடும்.

ஆப்டிப்ளெக்ஸ் 390-ஐயும் 3010-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். இரண்டிலும் அதே எச்61 சிப்செட். 3010 மூன்றாம் தலைமுறை ப்ராசஸரோடே விற்பனைக்கு வந்தது. 390-க்கு டெல் கொடுத்த பட்டியல் இரண்டாம் தலைமுறையோடு முடிகிறது. சிப்செட் ஒத்துக்கொண்டாலும், சிஸ்டத்தைச் செய்த கம்பெனி பயாஸில் அதைச் சேர்த்திருக்க வேண்டும். பிராண்டட் சிஸ்டத்துக்கு வாங்குவதென்றால் அந்த மாடல் எண்ணின் ஆவணத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

பயாஸ் ஏன் குறுக்கே வருகிறது

ஒவ்வொரு ப்ராசஸர் குடும்பத்துக்கும் தேவையான மைக்ரோகோடும் (ப்ராசஸருக்கான உள் நிரல்), அதைத் துவக்கும் நிரலும் பயாஸ் சிப்பில் இருக்க வேண்டும். 2011-இல் எழுதிய பயாஸுக்கு 2012-இல் வந்த ப்ராசஸர் யாரென்றே தெரியாது. ஐவி பிரிட்ஜ் விஷயத்தில் இன்னொரு அடுக்கும் உண்டு: பயாஸ் சிப்பில் இருக்கும் இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சின் ஃபர்ம்வேர் 7-ஆம் பதிப்பிலிருந்து 8-க்கு மாற வேண்டும். அதனால்தான் சில போர்டுகளில் நேரடியாகக் கடைசி பயாஸுக்குத் தாவ முடிவதில்லை. கம்பெனி சொல்லும் இடைப்பட்ட பதிப்பை முதலில் ஏற்றி, பிறகு அடுத்ததை ஏற்ற வேண்டும். டவுன்லோடு பக்கத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் கீழே உள்ள இரண்டு வரிக் குறிப்பைப் பொறுமையாகப் படியுங்கள். முக்கியமான எச்சரிக்கைகள் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அப்டேட் செய்யும்போது பழைய ப்ராசஸர் போர்டில் இருக்க வேண்டும். ப்ராசஸரே இல்லாமல் பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் வசதி பிற்காலத்துப் போர்டுகள் சிலவற்றில் உண்டு. எச்61 போர்டில் அதை எதிர்பார்க்க முடியாது.

செய்முறை இப்படி. முதலில் பயாஸுக்குள் போய் சாட்டா மோடு (டிஸ்க்கோடு பேசும் முறை) ஐடிஇயில் இருக்கிறதா, ஏஎச்சிஐயில் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இது ஏன் என்று பிறகு சொல்கிறேன். சின்ன பென்டிரைவ் ஒன்றை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, ஜிப்பைப் பிரித்து எடுத்த பயாஸ் கோப்பை மட்டும் அதில் போடுங்கள். யுபிஎஸ்ஸில் சிஸ்டம் ஓடட்டும். யுபிஎஸ் பேட்டரி செத்திருந்தால் இந்த வேலையை இன்று செய்யாதீர்கள். விண்டோஸுக்குள்ளிருந்து பயாஸ் ஏற்றும் மென்பொருளைத் தவிர்த்து, பயாஸுக்குள் இருக்கும் கருவியையே பயன்படுத்துங்கள். ஆசுஸில் ஈஇசட் ஃப்ளாஷ், கிகாபைட்டில் க்யூ-ஃப்ளாஷ், எம்எஸ்ஐயில் எம்-ஃப்ளாஷ், ஆஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃப்ளாஷ்.

ஏறி முடிய சில நிமிடங்கள் ஆகும். முடிந்ததும் சிஸ்டம் தானாக அணைந்து, மறுபடி எரிந்து, மீண்டும் அணையலாம். பதறிப்போய் ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள். போர்டு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

பிறகு பயாஸுக்குள் போய் டிஃபால்ட் செட்டிங்கை ஏற்றி, குறித்து வைத்த சாட்டா மோடைத் திரும்ப அமைக்க வேண்டும். அப்டேட்டில் ஐடிஇ ஏஎச்சிஐயாக மாறியிருந்தால் விண்டோஸ் துவங்கும்போது நீலத் திரை வந்து நின்றுவிடும். "பயாஸ் போட்டதில் விண்டோஸ் போச்சு" என்று ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை மாற்றினால் விண்டோஸ் அப்படியே திரும்பி வரும்.

பழைய ப்ராசஸரோடு, புது பயாஸில், விண்டோஸ் வரை ஒருமுறை போய் வாருங்கள். அது நன்றாக ஓடிய பிறகே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டும். பயாஸையும் ப்ராசஸரையும் ஒரே மூச்சில் மாற்றினால், கோளாறு வரும்போது எது காரணம் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

எந்த ப்ராசஸரை வாங்குவது

என் தேர்வு ஐ5-3470. நான்கு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.6, 77 வாட். வீடியோ எடிட்டிங், நிறைய சாஃப்ட்வேர் ஒரே நேரத்தில் என்றால் ஐ7-3770: நான்கு கோர், எட்டு த்ரெட், 3.4 முதல் 3.9 கிகாஹெர்ட்ஸ், அதுவும் 77 வாட்டுதான். இரண்டாம் தலைமுறையில் ஐ5-2400, ஐ7-2600 இரண்டும் 95 வாட். எச்61 போர்டுகள் பலவற்றில் ப்ராசஸருக்கு மின்சாரம் சீராக்கித் தரும் பகுதி மூன்று ஃபேஸோடு, ஹீட்சிங்க்கே இல்லாமல் இருக்கும். நம் ஊர் மே மாத வெயிலில் அந்தப் பகுதி 95 வாட்டைத் தொடர்ந்து தாங்குவது கஷ்டம். பயாஸ் இடம் கொடுத்தால் 77 வாட் மூன்றாம் தலைமுறையே நல்லது.

பெயரின் கடைசி எழுத்தைக் கவனமாகப் படியுங்கள். ஐ5-3470டி (3470T) என்பது ஐ5-3470-இன் சிக்கன வடிவம் என்று தோன்றும். உண்மையில் அதில் இருப்பது இரண்டே கோர், 35 வாட். ஐ5-3350பி போல "பி" (P) என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. விலை குறைவாக இருக்கிறதே என்று சர்வர்களுக்கான இன்டெல் ஜியான் இ3-1230 வி2 வாங்குபவர்களும் உண்டு. நல்ல ப்ராசஸர்தான், 69 வாட், எட்டு த்ரெட். ஆனால் அதிலும் கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால் திரை கறுப்பாகவே இருக்கும். இ3-1245 வி2-இல் கிராஃபிக்ஸ் உண்டு. இரண்டுமே உங்கள் போர்டின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடாதீர்கள். "கே" என்று முடியும் 3770கே-வுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் எச்61 போர்டில் பயனில்லை, ஓவர்கிளாக் செய்ய (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) முடியாது.

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ பழையது வாங்கும்போது ப்ராசஸரின் உலோக மூடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். ஐ5-3470 என்றால் எஸ்ஆர்0டி8 (SR0T8) என்ற குறியீடு இருக்கும், ஐ7-3770 என்றால் எஸ்ஆர்0பிகே (SR0PK). மாடல் எண்ணுக்குப் பதிலாக "இன்டெல் கான்ஃபிடென்ஷியல்" என்று பொறித்திருந்தால் அது விற்பனைக்கு முந்தைய சோதனைச் சரக்கு. அதை உங்கள் பயாஸ் ஏற்கும் என்ற உத்தரவாதம் யாராலும் தர முடியாது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும் நேரம்

மின் கம்பியைச் சுவரிலிருந்தே உருவிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். இன்டெல் ஹீட்சிங்க்கின் நான்கு புஷ்-பின்களையும் அவற்றின் மேலுள்ள அம்புக்குறிப் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் கழன்றுவிடும்.

சாக்கெட் நெம்புகோலைத் தூக்கி, பழைய ப்ராசஸரை ஓரங்களில் பிடித்து நேராக மேலே எடுங்கள். இப்போது சாக்கெட்டில் 1155 முள்கள் வெறுமையாக நிற்கின்றன. முடிந்தவரை சீக்கிரம் மூட வேண்டிய நேரம் இது. மேலே விரல் படக்கூடாது, துணி படக்கூடாது, சட்டைக் கை நூல்கூடப் படக்கூடாது. மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எல்லா முள்களின் நுனியும் ஒரே வரிசையாக மினுங்கும், நாற்று நட்ட வயல் மாதிரி. எங்காவது அந்த மினுக்கம் அறுந்தால் அங்கே ஒரு முள் வளைந்திருக்கிறது. லீட் எடுத்துவிட்ட 0.5 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சிலின் முனையை அந்த முள்ளின் மேல் செருகி, மயிரிழை அளவுக்கு நகர்த்தி நிமிர்த்தலாம். இரண்டாவது தடவை வளைத்தால் உடைந்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

புது ப்ராசஸரின் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும். சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தோடு அதைச் சேர்த்து, இரு ஓரத்துப் பள்ளங்களும் பொருந்துமாறு மெல்ல வையுங்கள். அழுத்தக் கூடாது, தன் எடையிலேயே உட்கார வேண்டும். நெம்புகோலை இறக்கும்போது மட்டும் பலம் வேண்டும். லேசாகக் கிறீச்சென்று சத்தம் வரும், பயப்பட வேண்டியதில்லை.

பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, நடுவில் துவரம்பருப்பு அளவு புது பேஸ்ட் வைத்தால் போதும். ஹீட்சிங்க்கின் அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் செம்பு வட்டம் இருந்தால் ஐ7-க்கும் தாங்கும். முழுக்க அலுமினியமாக, ஒல்லியாக இருந்தால் ஐ5-க்குச் சமாளிக்கும், ஐ7-க்கு வேறு வாங்கிவிடுங்கள். 1156, 1155, 1150, 1151 எல்லாவற்றிலும் துளை இடைவெளி 75 மில்லிமீட்டர் என்பதால் கூலர் கிடைப்பது சுலபம். 775-இன் பழைய கூலர் 72 மில்லிமீட்டர், சேராது.

புஷ்-பின்களை முதலில் பழைய நிலைக்குத் திருப்பி வைத்துவிட்டு, எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். நான்கு முறை டக்கென்ற சத்தம் கேட்க வேண்டும். அதோடு விடாமல் போர்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஒவ்வொரு துளையிலும் வெள்ளைக் கால்கள் விரிந்து, நடுவே கறுப்பு ஆணி நிற்க வேண்டும். ஒன்று அரைகுறையாக இருந்தாலும் ஐந்தே நிமிடத்தில் சூடு 90 டிகிரியைத் தொட்டுவிடும்.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஐ3-2120 65 வாட், ஐ5-3470 77 வாட். வித்தியாசம் 12 வாட்டுதான். ஜியானுக்காக கிராஃபிக்ஸ் கார்டும் சேர்க்கிறீர்கள் என்றால் கணக்கு மாறும். அப்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் "450 வாட்" என்பதைப் பார்க்காமல், 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள்.

டிஸ்ப்ளே வரவில்லை என்றால்

மின்விசிறி சுற்றி, சில நொடிகளில் நின்று, மறுபடி சுற்றிக்கொண்டே இருந்தால், பயாஸுக்கு ப்ராசஸரைத் தெரியவில்லை அல்லது ப்ராசஸருக்கான 4 பின் 12 வோல்ட் இணைப்பை மாட்ட மறந்திருக்கிறீர்கள். முதலில் சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்து, சிமாஸில் சேமித்திருக்கும் பயாஸ் செட்டிங்கை அழித்துவிட்டு ஒரே ஒரு ரேமோடு முயலுங்கள். அப்போதும் இல்லையென்றால் பழைய ப்ராசஸரைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் போர்டு நன்றாக இருக்கிறது, பயாஸ் பதிப்பைத்தான் மறுபடி ஆராய வேண்டும்.

இரண்டு 4 ஜிபி ரேம் போட்டும் 4 ஜிபிதான் காட்டுகிறது என்றால் ரேம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. சாக்கெட்டில் ஒரு முள் தொடாவிட்டால் ஒரு ரேம் ஸ்லாட் முழுவதும் காணாமல் போகும். ஹீட்சிங்க் ஒரு பக்கம் சாய்ந்து இறுகினாலும் இதேதான்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் டாஸ்க் மேனேஜரில் இரண்டு கோர்தான் தெரிகிறதா? எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் தாவலின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் "நம்பர் ஆஃப் ப்ராசஸர்ஸ்" என்பதை முன்பு யாரோ 2 என்று டிக் செய்து வைத்திருப்பார்கள். டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இந்த மாற்றத்தால் கிடைக்காதவை

விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல்தான் அதிகாரப்பூர்வ ஆதரவு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஐ7-3770 போட்டாலும் இந்த நிலை மாறாது. விண்டோஸ் 11தான் உங்கள் தேவை என்றால் இந்தப் பணத்தைச் சேமித்து வையுங்கள். லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றுக்கு மாறத் தயார் என்றால், இதே சிஸ்டம் இன்னும் சில வருடம் மரியாதையாக உழைக்கும். ஐ3, ஐ5, ஐ7-இல் ஏவிஎக்ஸ் (ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் கட்டளைகள்) உண்டு. அதே காலத்துப் பென்டியம் ஜி2020 போன்றவற்றில் இல்லை. ஏவிஎக்ஸ்2 கேட்கும் மென்பொருள் என்றால் 1155 சாக்கெட்டில் எதுவுமே உதவாது, அது நான்காம் தலைமுறையில்தான் வந்தது.

மற்ற சாக்கெட்டுகளிலும் கதை இதேதான், இடம்தான் மாறும். எச்81 போர்டில் 2014-இல் வந்த ஐ5-4460, 4590 போன்றவற்றுக்குப் புது பயாஸ் வேண்டும். 1151-இல் எச்110 போர்டு ஆறு, ஏழாம் தலைமுறையோடு நின்றுவிடும். ஐ3-8100 அதே சாக்கெட்டில் உட்கார்ந்தாலும் துவங்காது, அதற்கு எச்310 போன்ற 300 வரிசைப் போர்டு வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் ஏ320, பி350 போர்டுகளுக்கு ரைஸன் 5000 ஆதரவு 2022-இல்தான் வந்தது. அங்கே எதிர்த் திசையிலும் ஒரு பொறி உண்டு: பயாஸ் சிப்பில் இடம் போதாமல் சில புதுப் பதிப்புகளில் பழைய ப்ராசஸர்களை நீக்கிவிட்டார்கள். அப்டேட் முடிந்ததும் கையிலுள்ள பழைய ப்ராசஸர் ஓடாமல் போகலாம் என்பதால், ஏஎம்4 போர்டில் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

எச்61-இல் அந்தப் பொறி இல்லை. அதனால் கழற்றிய ஐ3-2120-ஐ உடனே விற்றுவிடாமல், ஆன்டி-ஸ்டேட்டிக் கவரில் போட்டு, கேபினெட்டுக்குள்ளேயே ஓரமாக ஒட்டி வையுங்கள். என்றாவது சிஸ்டம் டிஸ்ப்ளே காட்டாமல் நின்றால், கோளாறு ப்ராசஸரிலா போர்டிலா என்று பார்க்க அது தேவைப்படும்.